கடல் கடந்த வணிகரின் கால்வழி: வாசகர் கேள்வி – பதில்

குடும்ப வரலாறு எழுதுவது குறித்துச் சென்ற இதழில் வெளியான பதிலைப் படித்துவிட்டு, அமெரிக்காவில் பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். சம்பந்தி வீட்டாரின் வேர்களைத் தேடும் ஆர்வம் அந்தக் கடிதங்களில் தெரிந்தது. அவற்றுள் கோயம்புத்தூர் வாசகி ஒருவரின் கேள்வி மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் வாசலாக அமைந்திருப்பதால், அதை முதலில் எடுத்துக்கொண்டு, அதே பொருளைத் தொடும் பிற கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: என் மகள் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வாழ்கிறாள். அவளுடைய கணவர் வீட்டார், தங்கள் முன்னோர் ஒருவர் லண்டனில் துணி வணிகராக இருந்து 1630-களில் பாஸ்டனில் குடியேறியவர் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அவருடைய பெயரைத் தவிர வேறு விவரம் இல்லை. பேரனுக்காக இரு வழி முன்னோரையும் எழுதி வைக்க விரும்புகிறேன். லண்டனில் அந்தப் பெயருடையவர் யார் என்று தேடித் தொடங்கலாமா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: லண்டனில் தொடங்க வேண்டாம் அம்மா, உங்கள் பேரனிடமிருந்து தொடங்குங்கள். 1630-களிலிருந்து இன்றுவரை ஏறத்தாழ பன்னிரண்டு தலைமுறைகள் கடந்திருக்கும். பேரனுக்குத் தந்தை, தந்தைக்குத் தந்தை என்று ஒவ்வொரு படியையும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் பதிவுகளைக் கொண்டு உறுதி செய்தபடி பின்னோக்கிச் செல்ல வேண்டும். மேலிருந்து கீழே வருபவர்கள் பெரும்பாலும் தாங்கள் விரும்பிய பெரிய மனிதரைப் பிடித்துக்கொண்டு, அவருக்கும் தங்களுக்கும் இடையில் உள்ள வெற்றிடத்தை ஊகத்தால் நிரப்பிவிடுகிறார்கள். கீழிருந்து மேலே போகிறவருக்கு அந்த ஆபத்து குறைவு.

மாசசூசெட்ஸ் என்பது உங்களுக்கு நல்வாய்ப்பு. அந்தக் குடியேற்றம் 1639-ஆம் ஆண்டிலேயே பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை ஊர் எழுத்தர்கள் பதிய வேண்டும் என்று ஆணையிட்டது. 1850 வரையிலான அந்த ஊர்ப் பதிவுகள் பிற்காலத்தில் ஊர்வாரியாக அச்சிடப்பட்டிருக்கின்றன. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790-இல் தொடங்கினாலும், 1850-க்கு முந்தைய கணக்கெடுப்புகளில் வீட்டுத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும்; வீட்டில் இருந்தவர்களில் அடிமைகள் அல்லாத அனைவருடைய பெயரும் எழுதப்பட்டது 1850 முதல்தான். ஆகவே அந்த ஆண்டுக்கு அப்பால் செல்லும்போது உயில்களும் நிலப் பத்திரங்களும் உங்களுக்குத் துணையாக வேண்டும்.

இப்படி வந்து சேரும் கடைசி அமெரிக்க மனிதர் உண்மையிலேயே 1630-களில் பாஸ்டனில் இருந்தவர் என்று தெரிந்த பிறகுதான் கடல் குறுக்கிடுகிறது. இந்தத் தேடலில் மிகக் கடினமான கண்ணி அதுதான். அந்நாளைய இங்கிலாந்தில் ஜான், வில்லியம், தாமஸ் என்று ஆண்களுக்கு வைக்கப்பட்ட பெயர்கள் மிகச் சிலவே என்பதால், ஒரே பெயரும் ஒரே குடும்பப் பெயரும் கொண்ட மூன்று பேர் ஒரே பங்கில், அதாவது ஒரே ஆலயத்தின் எல்லைக்குட்பட்ட ஊர்ப்பகுதியில், இருந்திருக்கலாம். பொருத்தமான ஆண்டில் ஒரு ஞானஸ்நானப் பதிவு கிடைத்துவிட்டது என்பதாலேயே அவர்தான் இவர் என்று முடிவு கட்டக் கூடாது. வயது பொருந்த வேண்டும். மனைவி மக்கள் பொருந்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவரைச் சுற்றியிருந்த மனிதர்கள் பொருந்த வேண்டும். வணிகர் தனியாக வாழ்ந்தவர் அல்லர். அவருக்குக் கடன் கொடுத்தவரும், அவரிடம் சரக்கு வாங்கியவரும், கொண்டான் கொடுத்தான் வழியில் வந்த உறவினரும் இரு கரைகளிலும் இருந்தார்கள். அவர்களைப் பின்தொடர்ந்தால் அவர் தாமாகவே அகப்படுவார்.

மெய்யான ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். ராபர்ட் கெய்ன் என்ற பாஸ்டன் வணிகரைப் பற்றி இரு நாடுகளிலும் ஆவணங்கள் இருக்கின்றன. அவர் 1595-இல் வின்ட்சர் நகரில் ஒரு கசாப்புக்காரரின் மகனாகப் பிறந்தவர். பத்து வயதில், 1605-இல், லண்டனில் தொழில் பழகுநராகச் சேர்க்கப்பட்டு, 1615-இல் மெர்ச்சன்ட் டெய்லர்ஸ் என்ற வணிகர் சங்கத்தில் முழு உறுப்பினரானார். 1635-ஆம் ஆண்டு டிஃபென்ஸ் என்ற கப்பலில், மாசசூசெட்ஸ் அடங்கிய நியூ இங்கிலாந்துப் பகுதிக்குப் புறப்பட்டவர்களின் பட்டியலில், ராபர்ட் 40 வயது, மனைவி அன்னா 38 வயது, மகன் பெஞ்சமின் 16 வயது என்று மூவரும் வரிசையாக எழுதப்பட்டிருக்கிறார்கள். பட்டியலில் உள்ள வயது பிறந்த ஆண்டோடு ஒத்துப்போகிறது. அன்னாவின் சகோதரிதான் பாஸ்டன் முதல் ஆலயத்தின் போதகர் ஜான் வில்சனின் மனைவி என்பதால், உறவுமுறையும் ஒத்துப்போகிறது. ஒன்றை ஒன்று தாங்கும் இத்தகைய சான்றுகளைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

அந்தக் கெய்ன் 1639-இல் அளவுக்கு மீறி லாபம் வைத்து விற்றார் என்று குற்றம் சாட்டப்பட்டு, 200 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டார். தொகை பின்னர் குறைக்கப்பட்டது என்றாலும், ஆலயத்தில் எல்லார் முன்னிலையிலும் கண்டிக்கப்பட்டது அவர் மனத்தில் ஆறாத புண்ணாகவே இருந்தது. 1653-இல் எழுதத் தொடங்கிய தம் உயிலில், சொத்துப் பங்கீட்டோடு தம் மீதான பழிக்கும் விரிவாகப் பதில் எழுதினார். ஏறத்தாழ 50,000 சொற்கள் கொண்ட அந்த உயிலில் தாம் எப்படி வணிகம் செய்தார், என்ன கணக்குப் புத்தகங்கள் வைத்திருந்தார், யார் யாருக்கு என்ன உதவி செய்தார் என்பதையெல்லாம் சொல்கிறார். வம்சாவளி தேடுகிறவர்களுக்கு உயில் என்பது எத்தகைய செல்வம் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் அறியேன். ஆனால் அவருக்குப் பெஞ்சமின் என்ற ஒரே மகன்தான் எஞ்சினார்; பெஞ்சமினுக்கு ஒரே மகள். ஆகவே கெய்ன் என்ற குடும்பப் பெயர் அந்தக் கிளையில் அத்தோடு நின்றுவிட்டது. அதே பெயர் கொண்ட இன்றைய குடும்பம் ஒன்று அவரைத் தங்கள் தந்தை வழி முன்னோர் என்று சொன்னால், அந்த ஒரே செய்தி போதும், மறுக்க.

கேள்வி: சாதாரணக் குடியேறியைத் தேடுவதற்கும் வணிகரைத் தேடுவதற்கும் வேறுபாடு உண்டா? (வாசகர், திருச்சிராப்பள்ளி)

பதில்: பெரிய வேறுபாடு உண்டு. உழவர் ஒருவர் வாழ்நாளில் மூன்று நான்கு முறைதான் ஏடுகளில் இடம்பெறுவார். வணிகரோ ஒவ்வொரு கப்பல் புறப்படும்போதும் ஒரு காகிதத்தை உண்டாக்கினார்.

முதலாவதாக லண்டனின் வணிகர் சங்கப் பதிவேடுகளைச் சொல்ல வேண்டும். மெர்சர்ஸ், க்ரோசர்ஸ், டிரேப்பர்ஸ், ஹேபர்டாஷர்ஸ் என்று தொடங்கும் பன்னிரண்டு பெரிய சங்கங்களும் எண்ணற்ற சிறு சங்கங்களும் இருந்தன. நகரத்தில் கடை நடத்த வேண்டுமானால் ஏதேனும் ஒரு சங்கத்தில் உரிமை பெற்றிருக்க வேண்டும். அதற்குப் பொதுவான வழி ஏழாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தொழில் பழக்கம். பழகுநரைச் சேர்த்துக்கொண்ட நாளில் எழுதப்படும் பதிவு மூன்று வரிகூட இருக்காது: இன்னார், இன்ன கோட்டத்தில் இன்ன ஊரைச் சேர்ந்த இன்னாரின் மகன், தந்தையின் தொழில் இது, அவர் காலமாகிவிட்டார் என்றால் அதுவும் குறிக்கப்பட்டு, இன்ன எசமானரிடம் இத்தனை ஆண்டுக்குச் சேர்க்கப்பட்டார். அந்த மூன்று வரிகளில் நீங்கள் தேடிக்கொண்டிருந்த ஊர், தந்தை, தொழில் மூன்றும் அடங்கிவிடுகின்றன. லண்டனில் வாழ்ந்த வணிகர்களில் பலர் லண்டனில் பிறந்தவர்கள் அல்லர் என்பதால், இந்தப் பதிவு இல்லாமல் அவர்கள் பிறந்த ஊரைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஒரு செய்தியை மட்டும் நினைவில் வையுங்கள்: சங்கத்தின் பெயர் தொழிலைக் காட்டுவதில்லை. தையல் சங்கத்தில் இருந்தவர் ஊசியையே தொடாத மொத்த வணிகராக இருக்கலாம்.

அடுத்தது பாஸ்டன் நோட்டரியின் ஏடு. வில்லியம் ஆஸ்பின்வால் என்பவர் 1644 முதல் 1651 வரை அங்கே நோட்டரியாக இருந்து எழுதிய பதிவுகள் தப்பிப் பிழைத்து, 1903-இல் அச்சிடப்பட்டன. பணம் மாற்றுவதற்கான உண்டியல்கள் (இன்னாருக்கு இவ்வளவு பணம் கொடுக்கும்படி எழுதித்தரும் சீட்டுகள்), திரும்பி வந்த உண்டியல்கள் மீதான ஆட்சேபனைகள், கப்பல் சரக்கு பற்றிய வழக்குகள், அயலூரில் இருப்பவருக்குக் கொடுக்கப்பட்ட அதிகாரப் பத்திரங்கள் என்று அவர் எழுதாதது இல்லை. தந்தை விட்டுச்சென்ற பணத்தை இங்கிலாந்தில் என் சார்பாகப் பெற்றுக்கொள்ளும்படி இன்னாருக்கு அதிகாரம் தருகிறேன் என்ற வகையில் எழுதப்பட்ட ஒரு பத்திரம் கிடைத்தால், கடலின் இரு கரைகளும் ஒரே வரியில் இணைந்துவிடுகின்றன. அவருக்கு முன்பு, 1638 முதல் 1641 வரை, தாமஸ் லெச்ஃபோர்ட் என்ற வழக்கறிஞர் பாஸ்டனில் வைத்திருந்த குறிப்பேடும் இதே வகையைச் சேர்ந்தது. உங்கள் காலம் 1630-களின் பிற்பகுதி என்றால் முதலில் அதைப் பாருங்கள்.

மூன்றாவது, இறந்தபின் எடுக்கப்பட்ட சொத்துக் கணக்கு. அக்கம்பக்கத்தார் இருவர் மூவர் வீட்டுக்குள் அறை அறையாகச் சென்று கட்டில், செம்புப் பாத்திரம், கம்பளி என்று எழுதிக்கொண்டே கடைக்குள் வருவார்கள். அங்கே எந்தத் துணி எத்தனை கஜம், எத்தனை டஜன் பொத்தான், எந்த எடையில் ஆணி என்று எழுதி, கடைசியில் வரவேண்டிய கடன்களையும் கொடுக்க வேண்டிய கடன்களையும் பெயரோடு சேர்ப்பார்கள். அந்தக் கடன் பட்டியலைப் படிக்காமல் தாண்டிவிடாதீர்கள். அதில் வரும் லண்டன் பெயர் ஒன்று மைத்துனராகவோ பழைய எசமானராகவோ இருக்கும் வாய்ப்பு மிகுதி.

இங்கிலாந்தில் கடல்சார் வழக்குகளை விசாரித்த அட்மிரல்டி நீதிமன்றத்தின் வாக்குமூலங்களும் லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சாட்சி சொல்ல வந்த வணிகரும் மாலுமியும் முதலில் தங்கள் வயதையும் ஊரையும் தொழிலையும் சொல்லியாக வேண்டும் என்பதால், வேறெங்கும் கிடைக்காத பிறந்த ஆண்டு அங்கே கிடைக்கும். துறைமுகச் சுங்க ஏடுகளும் அதே காப்பகத்தில் உள்ளன. பொறுமை இருப்பவர்களுக்கு மட்டும் அவற்றைப் பரிந்துரைக்கிறேன்.

குடும்பமே ஒரு வணிக நிறுவனமாக இயங்கிய காலம் அது. லிங்கன்ஷயரில் ஆல்ஃபோர்டு என்ற ஊரின் துணி வணிகர் வில்லியம் ஹட்சின்சன் 1634-இல் மனைவி ஆனுடன் பாஸ்டனுக்கு வந்தபோது, அவருடைய சகோதரர் ரிச்சர்டு லண்டனில் இரும்பு வணிகராக இருந்தார். அடுத்த தலைமுறையில் அந்தக் குடும்பத்தாரின் வணிகம் லண்டன், பாஸ்டன், ரோட் ஐலண்டு, பார்படோஸ் என்று நான்கு இடங்களிலும் நடந்தது. உங்கள் வணிகரைப் பாஸ்டனில் மட்டும் தேடுவது, நான்கு அறை கொண்ட வீட்டில் ஓர் அறையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதாகும்.

கேள்வி: கப்பல் பயணிகள் பட்டியலில் பெயர் இல்லை என்றால், அவர் வரவே இல்லை என்று கொள்ளலாமா? (வாசகர், மதுரை)

பதில்: கொள்ளக் கூடாது. வரும் பயணிகளைப் பட்டியலிட வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொன்னது 1819-இல்தான். அது நடைமுறைக்கு வந்தது 1820-இல். அதற்கு முன் எஞ்சியிருப்பவை சில துண்டுகளே. அவற்றுள் மிகப் பெரியது, 1635-ஆம் ஆண்டு லண்டன் துறைமுகத்திலிருந்து குடியேற்றங்களுக்குப் புறப்பட்ட ஏறத்தாழ 5,000 பேரின் பெயர்களைக் கொண்ட ஏடு. 1620-க்கும் 1640-க்கும் இடையில் நியூ இங்கிலாந்துக்கு மட்டும் 20,000 பேர் அளவில் சென்றார்கள் என்பதை நினைத்தால், பெரும்பாலோரின் பயணத்துக்கு எழுத்துச் சான்றே இல்லை என்பது விளங்கும். பெரும்பாலோருக்கு, வந்த ஆண்டை நாம் அறிவது, ஆலயத்தில் உறுப்பினராகச் சேர்ந்த நாளிலிருந்தோ, வாக்குரிமை பெற்ற குடிமகனாக ஆன நாளிலிருந்தோ, ஊரில் மனை ஒதுக்கப்பட்ட நாளிலிருந்தோதான்.

இன்னொன்றும் உண்டு. 1642-இல் இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் மூண்டபோது குடியேறியவர்களில் ஒரு பகுதியினர் தாய்நாடு திரும்பினர். ஆகவே 1650-இல் லண்டனில் ஒருவர் இருந்தார் என்பது, 1638-இல் அவர் பாஸ்டனில் இருக்கவில்லை என்பதற்குச் சான்றாகாது.

கேள்வி: ஒரே மனிதரின் இறப்பு ஒரு நூலில் 1657 என்றும் மற்றொன்றில் 1658 என்றும் இருக்கிறது. எது சரி? (வாசகி, சேலம்)

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம். இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் 1752 வரை புத்தாண்டு மார்ச் 25-இல்தான் பிறந்தது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதத்தின் முதல் 24 நாட்கள் ஆகியவை பழைய ஆண்டின் இறுதியைச் சேர்ந்தவை. நியூ ஹேவன் குடியேற்றத்தைத் தோற்றுவித்த லண்டன் வணிகர் தியோஃபிலஸ் ஈட்டன் காலமான நாள், அந்நாளைய கணக்கில் 1657 ஜனவரி 7. நம் கணக்கில் 1658 ஜனவரி. இதனால்தான் கவனமான ஆய்வாளர்கள் 1657/58 என்று இரட்டை ஆண்டாக எழுதுகிறார்கள். ஏட்டில் உள்ளதை அப்படியே எழுதிக்கொண்டு, திருத்தத்தை அருகில் தனியாகக் குறியுங்கள். இதைக் கவனிக்காதவர்கள், திருமணத்துக்கு முன்பே குழந்தை பிறந்ததாகவும், இறந்தவர் பத்து மாதம் கழித்து உயில் எழுதியதாகவும் நினைத்துக் குழம்புவார்கள். மாதங்களை எண்ணால் எழுதியிருந்தால் மார்ச்சுதான் முதல் மாதம் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: மருமகளின் குடும்பத்தில் அச்சிட்ட வம்சாவளி நூல் ஒன்றும், குலச் சின்னம் பொறித்த படமும் இருக்கின்றன. இவை போதாவா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: போதா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், செல்வம் சேர்த்த அமெரிக்கக் குடும்பங்களுக்குப் பணம் பெற்றுக்கொண்டு பெருமைமிக்க முன்னோரை உருவாக்கித் தந்தவர்கள் இருந்தார்கள். நியூயார்க்கில் இருந்துகொண்டு இத்தொழிலைச் செய்த குஸ்தாவ் அஞ்சூ என்பவர் நூற்றுக்கும் மேற்பட்ட பொய் வம்சாவளிகளைத் தயாரித்தார். அவருடைய முறை மிகவும் நுட்பமானது: உண்மையான பதிவுகள் பலவற்றை வரிசையாக வைத்து, அமெரிக்கக் குடும்பத்தை இங்கிலாந்துக் குடும்பத்தோடு இணைக்கும் இடத்தில் மட்டும் இல்லாத ஓர் உயிலையோ பங்குப் பதிவையோ செருகிவிடுவார். கடலைத் தாண்டும் அதே கண்ணிதான் அவருக்கும் பயன்பட்டது. ஆகவே அச்சு நூலை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, அந்த ஒரு கண்ணியை மட்டுமாவது மூல ஆவணத்தின் படத்தைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். இணையத்தில் ஒருவர் மற்றொருவரைப் பார்த்து எழுதிய குடும்ப மரங்கள் ஐம்பது இருந்தாலும், சான்று என்ற வகையில் அவை ஒன்றுக்கும் குறைவே.

குலச் சின்னம் குடும்பப் பெயருக்கு உரியது அன்று. குறிப்பிட்ட ஒரு மனிதருக்கும் அவருடைய முறையான வாரிசுகளுக்கும் மட்டுமே உரியது. 1633 முதல் 1635 வரை லண்டனில் குலச் சின்னங்களை மேற்பார்வையிட்ட அதிகாரிகள் நடத்திய விசாரணையில் வணிகர் பலர் தங்கள் தலைமுறை வரிசையைப் பதிந்திருக்கிறார்கள். உங்கள் வணிகர் அதில் இருந்தால் மகிழ்ச்சி; அதையும் அவர் தம் வாயால் சொன்ன செய்தியாகவே மதிப்பிட வேண்டும். அதே போல, மூன்று சகோதரர்கள் ஒன்றாகக் கப்பலேறி வந்து ஆளுக்கொரு திசையில் குடியேறினார்கள் என்ற கதை எண்ணற்ற அமெரிக்கக் குடும்பங்களில் சொல்லப்படுகிறது. பெரும்பாலும் ஒரே பெயர் கொண்ட மூன்று அந்நியர்களைச் சேர்த்துக் கட்டப்பட்ட கதை அது.

கேள்வி: சென்னைக் கோட்டையில் ஆளுநராக இருந்த எலிஹு யேல் பாஸ்டனில் பிறந்தவர் என்கிறார்களே, அமெரிக்காவில் யேல் என்ற பெயருள்ளவர்கள் எல்லாம் அவர் வழிவந்தவர்களா? (வாசகர், சென்னை)

பதில்: இல்லை. ஆனால் இந்தக் கேள்வி நம் பொருளுக்கு மிக நெருக்கமானது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். மேலே சொன்ன தியோஃபிலஸ் ஈட்டன், பால்டிக் கடல் வணிகத்தில் பெயர் பெற்றவர். 1637-இல் ஹெக்டர் என்ற கப்பலில் பாஸ்டனுக்கு வந்து, அடுத்த ஆண்டு நியூ ஹேவனை நிறுவினார். அவருடைய மனைவி ஆன், முதல் கணவர் தாமஸ் யேல் இறந்தபின் ஈட்டனை மணந்தவர். முதல் மணத்துப் பிள்ளைகள் டேவிட், தாமஸ் ஆகியோரும் அமெரிக்காவுக்கு வந்தார்கள். டேவிட் பாஸ்டனில் வணிகரானார். அவருடைய மகன் எலிஹு 1649-இல் அங்கே பிறந்தார். குழந்தைக்கு மூன்று வயது ஆகும்போதே டேவிட் குடும்பத்தோடு இங்கிலாந்து திரும்பிவிட்டார். எலிஹு அதன்பின் அமெரிக்காவைப் பார்க்கவே இல்லை.

அவர் 1672-இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் பணியாளராகச் சென்னைக்கு வந்து, 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்தார். கோட்டைக்குள் உள்ள புனித மேரி ஆலயத்தின் பதிவேட்டில் முதல் திருமணமாக எழுதப்பட்டிருப்பது, 1680 நவம்பர் 4 அன்று அவர் கேத்தரின் ஹின்மர்ஸ் என்ற கைம்பெண்ணை மணந்த நிகழ்ச்சி. அவர்களுடைய மகன் டேவிட் 1688-இல் குழந்தையாகவே இறந்தான். அவனுடைய கல்லறை நினைவுத்தூண் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. எலிஹுவுக்குப் பின் எஞ்சியவர்கள் மகள்களே. அவர்களுள் இருவர் இங்கிலாந்தில் மணமுடித்தார்கள். அமெரிக்க யேல் குடும்பங்கள் நியூ ஹேவனில் தங்கிவிட்ட சிற்றப்பா தாமஸின் வழிவந்தவை. 1718-இல் எலிஹு அனுப்பிய ஒன்பது பொதிச் சரக்குகளும் 417 நூல்களும் மன்னரின் படமும் கிடைத்ததால் நியூ ஹேவனிலுள்ள கல்லூரி (இன்றைய யேல் பல்கலைக்கழகம்) அவர் பெயரைத் தாங்கியது; பெயர் பெருகியதோ தாமஸின் பிள்ளைகளால். நியூ ஹேவன் ஏடுகளை மட்டும் பார்ப்பவருக்கு எலிஹு அகப்பட மாட்டார். சென்னை ஆலய ஏட்டைப் பார்க்காதவருக்கு அவருடைய ஆண் வழி ஏன் நின்றது என்பது விளங்காது.

கேள்வி: தேடும்போது முன்னோர் அடிமைகளை வைத்திருந்தார் என்று தெரிய வந்தால், குடும்ப நூலில் அதை எழுதத்தான் வேண்டுமா? சம்பந்தி வீட்டார் மனம் நோகாதா? (வாசகி, ஈரோடு)

பதில்: எழுதத்தான் வேண்டும். நியூ இங்கிலாந்து வணிகரின் செல்வம் மீன், மரம், குதிரை ஆகியவற்றைப் பார்படோஸ் போன்ற கரும்புத் தீவுகளுக்கு அனுப்பியதில் வந்தது. அந்தத் தீவுகளோ அடிமைகளின் உழைப்பில் நடந்தன. டிசையர் என்ற கப்பல் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து பருத்தி, புகையிலை, உப்பு ஆகியவற்றோடு ஆப்பிரிக்கர்களையும் பாஸ்டனுக்குக் கொண்டுவந்ததை 1638-ஆம் ஆண்டின் நாட்குறிப்பில் ஆளுநர் ஜான் வின்த்ராப் எழுதியிருக்கிறார். அதே கப்பல் முன்பு பிகாட் என்ற பூர்வகுடி இனத்துச் சிறைக்கைதிகளை அங்கே விற்பதற்காகக் கொண்டு சென்றது. நாம் மேலே பார்த்த கெய்ன் வீட்டிலும் அடிமைகள் இருந்தார்கள். அவர்களுள் ஒருவர் அங்கோலா என்று அழைக்கப்பட்டார்.

சொத்துக் கணக்குகளில் ஆடு மாடுகளுக்கும் மேசை நாற்காலிகளுக்கும் நடுவே மனிதர்களின் பெயரும் விலையும் எழுதப்பட்டிருப்பதைக் காணும்போது நெஞ்சு கனக்கும். ஆனால் அந்த மனிதர்களுக்கும் வாரிசுகள் இருந்தார்கள். தங்கள் முன்னோரைத் தேடும் அவர்களுக்குப் பங்குப் பதிவேடும் வணிகர் சங்க ஏடும் இல்லை; எசமானரின் உயிலும் சொத்துக் கணக்கும்தான் உண்டு. நீங்கள் பார்த்த பெயரை, ஏட்டில் இருந்தபடியே, பக்க எண்ணோடு எழுதி வைத்தால், வேறொரு குடும்பத்தின் தேடலில் அது முதல் சான்றாக அமையக்கூடும். சம்பந்தி வீட்டாரிடம் முன்கூட்டியே பக்குவமாகப் பேசிவிடுங்கள், மறைப்பதற்கு உடன்படாதீர்கள்.

கேள்வி: டிஎன்ஏ பரிசோதனை செய்தால் இவ்வளவு சிரமம் தேவையில்லை அல்லவா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: தேவைதான். பத்துத் தலைமுறைக்கு முன் ஒருவருக்கு 1,024 முன்னோர் இடங்கள் உண்டு. அவர்களுள் ஒருவரிடமிருந்து வந்த மரபணுப் பகுதி சராசரியாக ஆயிரத்தில் ஒரு பங்கு. பலரிடமிருந்து ஒன்றுமே வந்திருக்காது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்லும் ஒய் நிறப்புரி (குரோமோசோம்) வேறு வகை. நேர் ஆண் வழியில் வந்த உங்கள் சம்பந்தியும், அதே வணிகரின் மற்றொரு மகன் வழியில் வந்ததாக ஆவணம் காட்டும் ஒருவரும் அந்தப் பரிசோதனையைச் செய்து, முடிவுகள் நெருங்கிப் பொருந்தினால், இருவரின் ஆவணத் தொடரும் வலுப்பெறும். பொருந்தவில்லை என்றால் எங்கோ ஒரு படி தவறு. எந்தப் படி என்பதை ஆவணம்தான் காட்ட வேண்டும்.

கேள்வி: எவ்வளவு தேடியும் இங்கிலாந்துப் பெற்றோர் அகப்படவில்லை என்றால் என்ன செய்வது? (வாசகர், புதுச்சேரி)

பதில்: உறவினர்களின் உயில்களைத் தேடுங்கள். ஜான் ஹார்வர்டு 1638-இல் சார்ல்ஸ்டவுனில் காலமாகி, தம் சொத்தில் பாதியையும் நூல்களையும் புதிய கல்லூரிக்கு விட்டுச் சென்றார். கல்லூரி அவர் பெயரைப் பெற்று இரண்டரை நூற்றாண்டு ஆகியும், அவர் யாருடைய மகன் என்பது எவருக்கும் தெரியாமலே இருந்தது. பாஸ்டனில் 1845-இல் தொடங்கப்பட்ட நியூ இங்கிலாந்து வரலாற்று மரபுவழிச் சங்கம், ஹென்றி வாட்டர்ஸ் என்ற ஆய்வாளரை இங்கிலாந்துக்கு அனுப்பியது. அவர் கேன்டர்பரி பேராயரின் உயில் நீதிமன்ற ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் படித்து, 1885-இல் விடையை வெளியிட்டார்: ஜான், லண்டன் பாலத்தின் தென்கரையிலுள்ள சதர்க்கில் கசாப்புக் கடை வைத்திருந்த ராபர்ட் ஹார்வர்டின் மகன்.

ஜானின் உயில் வாட்டர்ஸுக்குக் கிடைக்கவில்லை. அவருக்கு உதவியவை தாயின் உயிலும் தம்பி தாமஸின் உயிலும். தாய் இருமுறை மறுமணம் செய்து வேறு குடும்பப் பெயரில் இருந்ததால், ஹார்வர்டு என்ற பெயரை மட்டும் தேடியவர்கள் அந்த உயிலைத் தாண்டிப் போயிருந்தார்கள். தம்பியின் உயிலை நிறைவேற்றும் பொறுப்பு அண்ணன் ஜானுக்கும் நிக்கோலஸ் மார்ட்டன் என்ற போதகருக்கும் தரப்பட்டிருந்தது. 1637 மே மாதம் நீதிமன்றத்தில் உயிலை மெய்ப்பித்தவர் மார்ட்டன் மட்டுமே; ஜானுக்கு உரிய அதிகாரம் அவர் வரும்வரை ஒதுக்கி வைக்கப்பட்டது. அமெரிக்காவுக்குப் புறப்பட்ட மனிதர் வராமல் போனதே இங்கே பொருத்தமான சான்றாகிறது.

அந்த நீதிமன்றத்தின் 1384 முதல் 1858 வரையிலான பதிவு உயில்கள் இப்போது கியூ ஆவணக் காப்பகத்தின் வழியாக வீட்டிலிருந்தே பார்க்கக் கிடைக்கின்றன. வணிகரின் மனைவி, மனைவியின் தந்தை, பழைய எசமானர், உடன்பிறந்தார் ஆகியோரின் பெயர்களிலும் தேடுங்கள். குடும்பப் பெயரின் எழுத்தைப் பல விதமாக மாற்றி மாற்றிப் பாருங்கள். கெய்ன் என்ற சிறிய பெயரையே அந்நாளைய எழுத்தர்கள் நான்கைந்து விதமாக எழுதினார்கள். 1666-ஆம் ஆண்டுப் பெருந்தீயில் லண்டனின் 87 பங்கு ஆலயங்கள் எரிந்தன என்றாலும், ஆயர்களுக்கு ஆண்டுதோறும் அனுப்பப்பட்ட பதிவேட்டுப் பிரதிகள் சில ஆலயங்களுக்கு இருக்கின்றன. கோட்ட ஆவணக் காப்பகத்துக்குக் கடிதம் எழுதுவதானால், குடும்பக் கதை முழுவதையும் எழுத வேண்டாம். ஒரு பெயர், ஒரு பங்கு, பத்தாண்டுக்கு மேற்படாத ஒரு கால எல்லை, நீங்கள் ஏற்கனவே பார்த்துவிட்ட ஏடுகள் ஆகிய நான்கை மட்டும் குறிப்பிடுங்கள். பதில் வரும்வரை, உங்கள் நூலில் அந்த வணிகரின் பெயருக்கு மேலே உள்ள கட்டத்தில் பெற்றோர் உறுதியாகவில்லை என்று எழுதி, அதன் கீழே தேடிய ஏடுகளையும் தேடிய நாளையும் குறித்து வையுங்கள். உங்கள் பேரன் வளர்ந்து தொடர விரும்பினால், எங்கே விட்டீர்கள் என்பது அவனுக்குத் தெரிய வேண்டும்.